கம்பெனி திவாலானால் காரின் வாரண்டி என்ன ஆகும்?

வாசகர் கேள்வி – பதில்

ஃபிஸ்கர் ஓஷன் மின்சாரக் கார் ஒன்றை மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். பத்தாயிரம் மைல்கூட ஓடவில்லை. கம்பெனி திவால் என்பது தெரியும். வாரண்டி கொஞ்சமாவது மிஞ்சுமா? வாங்கலாமா?
– வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

வாரண்டி அறவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலையைப் பேசுங்கள்.

ஃபிஸ்கர் 2024 ஜூன் 17 அன்று டெலாவேர் நீதிமன்றத்தில் சாப்டர் 11 என்ற திவால் மனு போட்டது. பெயருக்குத்தான் அது மறுசீரமைப்பு. கம்பெனியை எடுத்து நடத்த யாரும் முன்வராததால் இருந்ததை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடும் வேலையாகவே முடிந்தது. காரைக் கட்டியது ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருக்கும் மேக்னா ஸ்டைர் ஆலை. பேட்டரி கொடுத்தது சீனாவின் சி.ஏ.டி.எல். இரண்டும் இன்றும் நன்றாக ஓடும் கம்பெனிகள்தானே, அவர்களிடம் போனால் என்ன என்று தோன்றும். வாரண்டி தாளில் கையெழுத்துப் போட்டது ஃபிஸ்கர். மேக்னாவுக்கும் சி.ஏ.டி.எல்.லுக்கும் ஃபிஸ்கரோடுதான் ஒப்பந்தம், உங்களோடு இல்லை. வாரண்டி என்பது எழுதிக் கொடுத்தவருடைய கடன். அவர் கை விரித்துவிட்டால் பின்னால் நிற்பவரிடம் அந்தத் தாளை நீட்ட முடியாது.

விலைக்கு இரண்டு அளவுகோல் சொல்கிறோம். திவாலுக்கு மூன்று மாதம் முன்பு, 2024 மார்ச்சில், எக்ஸ்ட்ரீம் மாடலின் விலையை 61,499 டாலரிலிருந்து 37,499 டாலருக்குக் கம்பெனியே இறக்கியது. பிறகு கையிருப்பில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் கார்களை அமெரிக்கன் லீஸ் என்ற நியூயார்க் நிறுவனம் அதிகபட்சம் 4.625 கோடி டாலருக்கு மொத்தமாக எடுத்தது. சராசரியாக ஒரு காருக்கு ஏறத்தாழ 14,000 டாலர். மொத்த விலை வேறு, சில்லறை விலை வேறு என்பது சரிதான். ஆனாலும் விற்பவர் "பாதி விலை" என்னும்போது எந்த விலையில் பாதி என்று கேட்க இந்தக் கணக்கு உதவும்.

ரீகால், அதாவது கோளாறுள்ள கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது, மட்டும் தனி. அமெரிக்கச் சட்டப்படி பாதுகாப்பு ரீகால் என்பது கம்பெனி விரும்பித் தரும் சலுகை இல்லை, சட்டக் கடமை. திவால் மனு போட்டாலும் அந்தக் கடமை ஒழியாது. அரசுக்குச் சேரவேண்டிய முன்னுரிமைக் கடனைப் போலவே சட்டம் அதை நடத்துகிறது. ஓஷனில் இந்தச் சட்டமே உரசிப் பார்க்கப்பட்டது. ரீகால் பாகம் இலவசம், வேலைக்கூலி உரிமையாளர் தலையில் என்று ஃபிஸ்கர் சொல்லப் பார்த்தது. அரசுத் தரப்பு ஆட்சேபித்த பிறகு கூலியையும் ஏற்க வேண்டியதாயிற்று. ஆனால் உரிமை இருப்பது வேறு, செய்து தர ஆள் இருப்பது வேறு. அதனால் வாங்குவதற்கு முன்பே, காரின் 17 இலக்க அடையாள எண்ணை (வி.ஐ.என்.) தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வெளிக் கைப்பிடி சிக்கிக் கதவு திறக்காமல் போவது, தண்ணீர் பம்ப் பழுது, ஓட்டத்தில் சக்தி அறுபடுவதைத் தடுக்கும் மென்பொருள் திருத்தம் என்று ஓஷனுக்குப் பல ரீகால்கள் உண்டு. ஒவ்வொன்றும் முடிந்ததற்கான பில்லை விற்பவர் காட்ட வேண்டும். "செஞ்சாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது.

நேரில் போகும்போது கையோடு ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். மின்சாரக் காரில் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், அதை மோட்டாரோடு இணைக்கும் ரிலேயை மூடுவது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் கார் கண்ணே திறக்காது. லெட்-ஆசிட் வகையாக இருந்தால், சில மணி நேரம் சும்மா நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே என்றால் பாதி காலி. மாற்றுவது பெரிய செலவில்லை. ஆனால் நிற்கும்போதே ஏதோ ஒன்று கரண்டை உறிஞ்சுகிறதா என்பதற்கு அது முதல் அறிகுறி.

சாவி இரண்டும் இருக்கின்றனவா, இரண்டும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். வண்டியில் எந்தப் பதிப்பு மென்பொருள் ஓடுகிறது என்று திரையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஓஷன் தன் கம்பெனியின் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும்படி செய்யப்பட்ட கார். மொத்தமாக வாங்கிய அமெரிக்கன் லீஸே, கார்களை வேறு சர்வருக்கு மாற்ற முடியவில்லை என்று நீதிமன்றத்தில் முறையிடும் நிலை வந்தது. பிரேக் பேட் தேய்ந்தால் எங்காவது கிடைத்துவிடும். சர்வர் அப்படி இல்லை. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியிருப்பது உரிமையாளர்களே கூடி அமைத்த சங்கம். சங்கத்தில் சேராமல் இந்தக் காரை வாங்குவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்சூரன்ஸ் கொட்டேஷன் வாங்கிவிடுங்கள். முன் கண்ணாடியும் பம்பரும் இந்த மாடலுக்கென்றே செய்தவை. பாகம் கிடைக்காவிட்டால் சின்ன மோதலுக்கே வண்டியை "டோட்டல் லாஸ்" என்று எழுதிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. யூஸ்டு கார் டீலரிடம் வாங்கினால், ஜன்னலில் ஒட்டியிருக்க வேண்டிய "பையர்ஸ் கைடு" தாளைப் படியுங்கள். "ஆஸ் இஸ்" என்று குறித்திருந்தால் பழுது எல்லாம் உங்கள் பாடு. டீலர் தன் பெயரில் 30 நாள், 1,000 மைல் என்று சின்ன வாரண்டி எழுதிக் கொடுத்தாலும் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. மேக்னசன்–மாஸ் என்ற 1975ஆம் ஆண்டின் அமெரிக்க வாரண்டிச் சட்டப்படி, எழுத்தில் வாரண்டி கொடுத்தவர் "பொருள் பயன்பாட்டுக்குத் தகுந்ததாக இருக்கும்" என்ற மறைமுக உறுதியை அடியோடு கைகழுவ முடியாது. உயிரோடு இருக்கும் ஒருவர் பெயர் தாளில் ஏற வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம்.

2009இல் ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) திவாலானபோது அரசாங்கமே வாரண்டிக்குப் பொறுப்பேற்றதே. அது சட்டமா? மற்ற கம்பெனிகளுக்கும் பொருந்துமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

சட்டம் இல்லை. அந்த நெருக்கடிக்காகப் போட்ட தனித் திட்டம்.

2009 மார்ச் 30 அன்று அதிபர் ஒபாமா அதை அறிவித்தார். வாரண்டிமேல் சந்தேகம் வந்தால் ஷோரூமுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்கள், விற்பனை நின்றால் மிச்ச உயிரும் போய்விடும் என்பதுதான் கணக்கு. மறுசீரமைப்புக் காலத்தில் விற்கும் ஒவ்வொரு காருக்கும் எதிர்பார்க்கும் வாரண்டிச் செலவில் 125 சதவீதத்தைத் தனி நிதியாக ஒதுக்குவது என்று ஏற்பாடு. அதில் கம்பெனி 15, அரசு 110. ஜி.எம்.முக்கு 36 கோடி டாலரும், அதே நெருக்கடியில் இருந்த கிறைஸ்லர் கார் கம்பெனிக்கு 28 கோடி டாலரும் கொடுத்தார்கள். கிறைஸ்லர் ஏப்ரல் 30 அன்றும் ஜி.எம். ஜூன் 1 அன்றும் மனு போட்டன. இரண்டும் சில வாரங்களிலேயே வெளியே வந்துவிட்டதால் அந்த நிதியைத் தொடவேண்டிய தேவையே எழவில்லை. ஜூலையில் முழுப்பணமும் அரசுக்குத் திரும்பியது.

வாரண்டியை உண்மையில் காப்பாற்றியது வேறொரு வழி. திவால் சட்டத்தின் 363ஆம் பிரிவில் நல்ல சொத்துகளை மட்டும் புதிய கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது. பழைய ஜி.எம். "மோட்டார்ஸ் லிக்விடேஷன் கம்பெனி" என்ற பெயரில் கடன்களோடு பின்தங்கியது. எதை எடுப்பது, எதை விடுவது என்பது வாங்குபவர் கையில். புதிய ஜி.எம். வாரண்டிகளை எடுத்துக்கொண்டது. வாடிக்கையாளர் போனால் பிராண்டுக்கு மதிப்பேது? மூடப்பட்ட போன்டியாக், சாட்டர்ன் பிராண்டுக் கார்களைக்கூட மற்ற ஜி.எம். டீலர்கள் வாரண்டியில் பார்த்தார்கள்.

விட்டுவிட்டு வந்ததும் உண்டு. விற்பனை முடிந்த 2009 ஜூலை 10க்கு முன் நடந்த விபத்துகளின் நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் பழைய கம்பெனியோடு தங்கின. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2014இல் தெரிந்தது. கோபால்ட் முதலான கார்களின் இக்னிஷன் சுவிட்ச், கனமான சாவிக்கொத்து ஆடினாலே ஓட்டத்தில் "ஆக்சஸரி" நிலைக்கு நழுவும். இன்ஜின் நிற்கும், ஏர்பேக் விரியாது. 124 மரணங்களுக்கு ஜி.எம். அமைத்த இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. பழைய கம்பெனிக்கே தெரிந்திருந்த கோளாறை உரிமையாளர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டு, திவால் உத்தரவைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்று 2016 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். கிறைஸ்லர் 2009 ஜூனில் 789 டீலர்களை ஒரே வீச்சில் நீக்கியது. வாரண்டி செல்லுபடியானது, ஆனால் பக்கத்தூர் ஷோரூம் பூட்டிக் கிடந்தது. அறுபது மைல் தள்ளிப் போய் இலவச வேலை பார்ப்பதும் ஒரு செலவுதான்.

ஃபிஸ்கரைப் போலச் சில ஆயிரம் கார் விற்ற கம்பெனிக்கு அரசு இப்படி இறங்கி வராது.

கம்பெனி மூழ்கிய பிறகும் சில கார்களுக்குப் பாகம் கிடைக்கிறது, சிலவற்றுக்குக் கிடைப்பதில்லை. ஏன்?
– வாசகர், டொரண்டோ

பாகக் கிடங்கு யார் கையில் போகிறது என்பதைப் பொறுத்தது. நல்ல உதாரணம் ஸ்வீடனின் சாப். 2011 டிசம்பர் 19 அன்று திவாலானது. அமெரிக்காவில், ஜி.எம். கையில் சாப் இருந்தபோது விற்ற கார்களின் வாரண்டியை ஜி.எம். மதித்தது. அதற்குப் பிறகு வாங்கியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே ஷோரூம், ஒரே மாடல், ஆனால் பில் தேதியால் கதை மாறியது. பாகங்களின் கதை இதற்கு நேர்மாறு. பாகம் விற்ற துணை நிறுவனம் தனிக் கம்பெனியாக இருந்தது. அதன் பங்குகள் ஸ்வீடன் அரசிடம் கடனுக்கு ஈடாக இருந்ததால் அது அரசின் கைக்குப் போய், ஓரியோ என்ற பெயரில் தொடர்ந்தது. வாரண்டி போனவர்களுக்கும் பாகம் கிடைத்தது.

உங்கள் காரில் ஒரு பாகம் தேடும்போது கம்பெனி எண்ணோடு நிற்காதீர்கள். ஆல்டர்னேட்டர், சென்சார், பிரேக் காலிப்பர் போன்றவற்றில் தயாரித்த சப்ளையரின் பெயரும் அவருடைய எண்ணும் பொறித்திருக்கும். அந்த எண்ணில் தேடினால் அதே பாகம் வேறு பிராண்டுக் காருக்கும் போவது பல முறை தெரியவரும். பாடி பேனல், கண்ணாடி, விளக்கு, கன்ட்ரோல் யூனிட்டின் மென்பொருள் ஆகியவற்றுக்கு இந்த வழி உதவாது.

ஃபோர்டு ஃபிகோ வைத்திருக்கிறேன். மறைமலைநகர் ஆலையை மூடியதால் கம்பெனி திவால் என்றே பலரும் பேசுகிறார்கள். உண்மையா?
– வாசகர், செங்கல்பட்டு

இல்லை. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அது வெளியேற்றம், திவால் இல்லை. வாரண்டி எழுதிக் கொடுத்த கம்பெனி உயிரோடு இருக்கிறது. சர்வீஸ், பாகம், வாரண்டி தொடரும் என்று அப்போதே சொன்னது. செவ்ரோலே விற்பனையை 2017 கடைசியோடு நிறுத்திய ஜி.எம். இந்தியாவும் அப்படியே அறிவித்தது. வெளியேற்றத்தில் வாரண்டித் தாளுக்கு மதிப்பு குறையாது. சர்வீஸ் சென்டர்களின் எண்ணிக்கைதான் குறையும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, கிளெய்ம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடாதீர்கள்.

12 லட்சத்துக்கு வாங்கிய மின்சாரக் கார். ஒன்றரை வருடம்தான் ஆகிறது. பேட்டரி முழுசாக ஏறுவதில்லை. கம்பெனி என்.சி.எல்.டி.க்கு (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) போய்விட்டது, சர்வீஸ் சென்டர் பூட்டியிருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

போகலாம், ஆனால் யார்மேல் என்பதில் கவனம் வேண்டும். முதல் வேலை அதுவும் இல்லை. முதல் வேலை கிளெய்ம் படிவம்.

தீர்ப்பாயம் மனுவை ஏற்ற நாளிலிருந்து திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி தடைக்காலம் தொடங்கும். அது முடியும்வரை கம்பெனிமேல் புது வழக்கும் போட முடியாது, பழைய வழக்கும் நகராது. கம்பெனியைப் பார்த்துக்கொள்ளத் தீர்ப்பாயம் நியமிக்கும் இடைக்காலத் தீர்வாளர் ஒரு ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் கொடுப்பார். இந்தியத் திவால் வாரியத்தின் இணையதளத்திலும் அது இருக்கும். அவர் பதவியேற்றதிலிருந்து 14 நாள்தான் கெடு. தவறவிட்டாலும் 90 நாள் வரை காரணம் சொல்லித் தாக்கல் செய்யலாம்.

வங்கிகளுக்கும் சப்ளையர்களுக்கும் தனித்தனிப் படிவங்கள். கார் வாங்கியவர் "மற்ற கடன்காரர்", உங்களுக்குப் படிவம் எஃப். அதில் "பேட்டரியை மாற்றித் தருக" என்று எழுதினால் பயனில்லை. தொகை எழுத வேண்டும். பேட்டரி மாற்றுச் செலவுக்கு எழுத்தில் ஒரு மதிப்பீடு வாங்கி, அதோடு இன்வாய்ஸ், ஆர்.சி., வாரண்டி கையேட்டின் பேட்டரிப் பக்கம், இதுவரையிலான ஜாப் கார்டுகள் ஆகியவற்றின் நகலை இணையுங்கள். முழு சார்ஜில் திரையில் காட்டும் சதவீதம், ஓடோமீட்டர், தேதி மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து வையுங்கள். வாரண்டிக் காலத்துக்குள்ளேயே பழுது வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

பணம் வருமா? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சொத்தை விற்றுப் பங்கிடும் நிலை வந்தால், 53ஆம் பிரிவின் வரிசையில் நடைமுறைச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானக் கடன், ஊழியர் சம்பளம், அடமானமில்லாத நிதிக்கடன், அரசு வரி எல்லாம் முடிந்த பிறகுதான் உங்கள் முறை. அப்படியிருந்தும் ஏன் தாக்கல் செய்யச் சொல்கிறோம் என்றால், வேறு ஒருவர் கம்பெனியை எடுத்து நடத்தும் திட்டம் அனுமதியானால், அந்தத் திட்டத்தில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் அத்தோடு அழிந்துபோகும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் புதிய முதலாளியிடம் பேச வாயுண்டு.

அடுத்தது டீலர். தடைக்காலம் கம்பெனிக்குத்தான், டீலருக்கு இல்லை. பணம் வாங்கி இன்வாய்ஸ் போட்டவர் என்ற முறையில், குறையுள்ள பொருளை விற்றதாக அவர்மேல் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 12 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய், கெடு பிரச்சினை தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டு. அதற்கு முன் 1915 எண்ணில் ஒரு புகாரைப் பதிந்து எண் வாங்கி வையுங்கள்.

வழக்கறிஞர்களே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உற்பத்தியாளர்மேல் உத்தரவை நிறைவேற்ற முடியாவிட்டால் விற்பனையாளர் பொறுப்பு என்று 2019 நுகர்வோர் சட்டத்தின் 86ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வழக்குக்கென்றே எழுதியது போலத் தோன்றும். ஆனால் அந்தப் பிரிவு "தீங்கு" நேர்ந்தால்தான். பொருளுக்கே ஏற்பட்ட பழுதும் வாரண்டி மீறலும் தீங்கு என்ற சொல்லின் விளக்கத்திலேயே வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. பேட்டரி தீப்பிடித்து ஆளுக்குக் காயம், பக்கத்து வீட்டுச் சுவர் போயிற்று என்றால் 86 உதவும். சார்ஜ் ஏறவில்லை என்பதற்கு, "குறைபாடுள்ள பொருள்" என்ற சாதாரண வழியில்தான் போக வேண்டும். இதைத் தெளிவாகப் பிரித்து எழுதாத புகார்கள் வாதத்தில் அடிபடுகின்றன.

தனியாகப் பணம் கட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருக்கிறேன். அதுவும் போய்விடுமா?
– வாசகர், மதுரை

முதல் பக்கத்தில் இருக்கும் லோகோவைப் பார்க்காதீர்கள். உள்ளே, "இந்த ஒப்பந்தத்தின் கீழ் பொறுப்பாளர்" என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கார் கம்பெனி என்றால் அதுவும் மூழ்கும். காப்பீட்டு நிறுவனம் என்றால் நிற்கும், பாகமும் வேலை செய்ய ஆளும் கிடைத்தால். டீலர் பெயர் மட்டும் என்றால் அவர் கடை எத்தனை நாள் என்பதுதான் உங்கள் வாரண்டியின் நீளம். டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் பெரும்பாலும் அந்தந்தத் தயாரிப்பாளரின் தனி வாரண்டி உண்டு. பேட்டரியின் வாரண்டி கார்டை டேஷ்போர்டு பெட்டியில் தேடி எடுத்து வையுங்கள்.

காருக்கு முன்பணம் கட்டினேன், டெலிவரிக்கு முன் கம்பெனி திவால். அமெரிக்காவில் என்ன வழி?
– வாசகர், டாலஸ்

காரைப் பெற்றவரைவிட உங்கள் நிலை ஒருபடி மேல். கிடைக்காத பொருளுக்குத் தனிநபர் கட்டிய முன்பணத்துக்குத் திவால் சட்டத்தில் முன்னுரிமை உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய வழக்குகளில் 3,800 டாலர் வரை, அதற்கு முந்தைய மூன்றாண்டு வழக்குகளில் 3,350 வரை. அதற்குமேல் உள்ளது சாதாரணக் கடன். 410ஆம் எண் படிவத்தில், முன்னுரிமைக் கட்டத்தில் குறியிட்டு, நீதிமன்றம் குறித்த கடைசித் தேதிக்குள் அனுப்புங்கள். கட்டத்தில் குறியிட மறந்தால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அதே நாளில் கார்டு வங்கியிடமும் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கம்பெனி மூழ்கப்போகிறது என்று வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரியுமா?
– வாசகர், சேலம்

சர்வீஸ் கவுன்டரில் தெரியும். வாரண்டி வேலையை டீலர் தன் கைக்காசில் செய்துவிட்டுக் கம்பெனிக்குப் பில் அனுப்புகிறார். அந்தப் பணம் வராமல் நின்றதும் முதலில் கை இழுப்பவர் அவர்தான். "பார்ட் வரலை சார், அடுத்த வாரம்" என்பது மூன்றாவது முறையும் வந்தால், பணம் கட்டுபவருக்கு அதே பாகம் உடனே கிடைத்தால், உஷாராகுங்கள். அன்றே உங்கள் எல்லாக் குறைகளையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். "அப்சர்வேஷன்ல வைக்கிறோம்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மென்பொருள் அப்டேட் பாக்கி இருந்தால் முடித்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் வரலாற்றை ஆப்பிலிருந்து பி.டி.எஃப். ஆக இறக்கி வையுங்கள், கம்பெனி போனால் ஆப்பும் போகும். வாரண்டி முடிய இன்னும் நாளிருக்கிறதே என்று தள்ளிப்போடும் சின்னச் சத்தம், சின்னக் கசிவு எல்லாவற்றையும் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.